யாரிடம், என்ன, எந்தத் தேதிக்குள்: சமூக ஊடக அரசியல் பரப்புரைக்கு ஓர் அறிமுகம்

ஊரில் ஏரியைக் காப்பாற்ற வேண்டும், புதிய சட்ட வரைவு ஒன்றைத் திருத்த வேண்டும், மூடப்பட்ட பள்ளியைத் திறக்க வேண்டும் என்று ஒரு குழு முடிவெடுத்தவுடன், இன்று அது முதலில் செய்வது ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்குவதும், ஒரு ஹேஷ்டேக்கை உருவாக்குவதும்தான். சில நாட்களில் பதிவுகள் ஆயிரக்கணக்கில் பகிரப்படுகின்றன, தொலைக்காட்சியிலும் ஒரு நிமிடச் செய்தி வந்துவிடுகிறது, ஆனால் முடிவெடுக்க வேண்டிய அதிகாரியின் மேசைக்கு ஒரு தாள்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது. இந்த இடைவெளி ஏன் உண்டாகிறது, அதை எப்படித் தவிர்ப்பது என்பதைப் புதிதாகப் பரப்புரையில் இறங்குவோருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இரண்டு வகைப் பரப்புரைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாக்குக் கேட்பது தேர்தல் பரப்புரை. பதவியில் யார் இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட முடிவை எடுக்கும்படி, அல்லது எடுத்த முடிவைத் திரும்பப் பெறும்படி வலியுறுத்துவது கோரிக்கைப் பரப்புரை. இரண்டுக்கும் ஒரே செயலிகள்தான் பயன்படுகின்றன என்றாலும், தேர்தல் பரப்புரையின் இறுதி நாள் எல்லோருக்கும் தெரியும், இறுதிச் செயலும் வாக்களிப்பது என்று எல்லோருக்கும் தெரியும். கோரிக்கைப் பரப்புரையில் அந்த இரண்டையும் நாமே கண்டுபிடித்து மக்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான முயற்சிகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன என்பதால், இங்கே அதைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

இந்தியாவில் இதற்கு மிகத் தெளிவான பாடம் 2015-இல் நடந்த இணையச் சமநிலைப் பரப்புரை. தொலைத்தொடர்பு நிறுவனம் ஒரு இணையதளத்தை மற்றொன்றைவிட வேகமாகவோ மலிவாகவோ தந்து பாகுபாடு காட்டக் கூடாது என்பதே இணையச் சமநிலை என்ற கொள்கையின் சாரம். 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிக் குரல் அழைப்புகளுக்குத் தனிக்கட்டணம் வசூலிக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அதை நிறுத்திவைத்தது. அதையடுத்து, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இத்தகைய இணையவழிச் சேவைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி 2015 மார்ச் 27 அன்று ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. அது நூறு பக்கங்களைத் தாண்டிய, தொழில்நுட்பச் சொற்கள் நிறைந்த ஆங்கில ஆவணம். அதில் 20 கேள்விகள் கேட்கப்பட்டிருந்தன. பதில் அனுப்ப ஏப்ரல் 24 வரை அவகாசம் தரப்பட்டிருந்தது.

அந்த அறிக்கையை எதிர்த்த தன்னார்வலர்கள் செய்த வேலையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் அறிக்கையை முழுமையாகப் படித்து, பொதுமக்களுக்குப் புரியும்படி சுருக்கி எழுதினார்கள். கேட்கப்பட்ட 20 கேள்விகளுக்கும் வாதங்களோடு கூடிய பதில்களைத் தயாரித்தார்கள். ஓர் இணையதளத்தைத் திறந்து, அங்கு வருபவர் அந்தப் பதில்களைப் படித்து, விரும்பினால் மாற்றி, தன் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து நேரடியாக டிராய்க்கு அனுப்ப வழி செய்தார்கள். இவையெல்லாம் முடிந்த பிறகே சமூக ஊடகம் பெரிய அளவில் உள்ளே வந்தது. ஏப்ரல் 11 அன்று நகைச்சுவைக் குழு ஒன்று யூடியூபில் வெளியிட்ட காணொளி, பிரச்சினையை எளிய மொழியில் சொல்லி, இறுதியில் பார்வையாளரை அந்த இணையதளத்துக்கே அனுப்பியது. ஃபேஸ்புக், ட்விட்டர் பதிவுகளும் அதே இடத்தைத்தான் சுட்டின. கெடு முடிவதற்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போய்ச் சேர்ந்தன. இதற்கு இடையே, ஏர்டெல்லின் கட்டணமில்லா இணையதளத் திட்டத்தில் சேரப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த ஃபிளிப்கார்ட், ஏப்ரல் 14 அன்று அதிலிருந்து விலகியது.

இந்தக் கதையின் இரண்டாம் பகுதி இன்னும் முக்கியமானது. 2015 டிசம்பர் 9 அன்று டிராய் மற்றொரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. இணையச் சேவைகளுக்கு வெவ்வேறு கட்டணம் வசூலிக்க நிறுவனங்களை அனுமதிக்கலாமா என்பதே அதன் மையக் கேள்வி. சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃப்ரீ பேசிக்ஸ் என்ற தன் திட்டத்தைக் காப்பாற்ற, ஃபேஸ்புக் நிறுவனமே இப்போது பரப்புரையில் இறங்கியது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. ஃபேஸ்புக்கைத் திறந்தவர்களின் திரையில், ஒரு பொத்தானை அழுத்தினால் டிராய்க்கு ஆதரவுக் கடிதம் போகும்படியான ஏற்பாடு தோன்றியது. உலகின் மிகப் பெரிய சமூக ஊடகம் தன் சொந்தத் தளத்தில், தன் சொந்தப் பணத்தில் நடத்திய பரப்புரை அது. அதன் வழியே பல லட்சம் கடிதங்கள் போயின. ஆனால் அந்தக் கடிதம் ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிப்பதாகப் பொதுவாகச் சொன்னதே தவிர, டிராய் கேட்டிருந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. 2016 ஜனவரியில் டிராய் இதையே சுட்டிக்காட்டி, கலந்தாய்வை வெறும் தலை எண்ணும் கருத்துக்கணிப்பாக மாற்றுவதாக ஃபேஸ்புக்குக்குக் கடுமையாக எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று, பாகுபாடான கட்டணங்களைத் தடை செய்யும் ஒழுங்குமுறையை டிராய் வெளியிட்டது. மூன்று நாட்களில் ஃபேஸ்புக் இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸை விலக்கிக்கொண்டது.

ஒரே பிரச்சினை, ஒரே ஆணையம், ஏறக்குறைய ஒரே வகைத் தொழில்நுட்பம். பணமும் தளமும் எண்ணிக்கையும் உடைய தரப்பு தோற்றதற்கும், தன்னார்வலர் தரப்பு வென்றதற்கும் பல காரணங்கள் உண்டு. வலுவான சட்ட வாதங்களும், ஆணையத்தின் சொந்த நிலைப்பாடும் அவற்றில் அடங்கும். ஆனால் பரப்புரை செய்பவர் கையில் இருக்கும் காரணம் ஒன்றுதான்: முடிவெடுப்பவர் எதைக் கேட்டாரோ, அதற்கான பதிலை, அவர் ஏற்கும் வடிவத்தில், அவர் விதித்த கெடுவுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மக்களை அந்த வாசல் வரை அழைத்து வருவதே சமூக ஊடகத்தின் வேலை. வாசல் எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே கண்டறிவது நம்முடைய வேலை.

வாசலைக் கண்டறிய, முடிவெடுக்கும் அதிகாரம் சட்டப்படி யாருக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தெருவிளக்குக்கும் குப்பைக்கும் முதலமைச்சரைக் குறிப்பிட்டுப் பதிவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. அங்கு வார்டு உறுப்பினருக்கும் ஆணையருக்கும் எழுத்துப்பூர்வமாகத் தரும் மனு பல நூறு பதிவுகளைவிட விரைவாக நகரும். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடத்தப்பட வேண்டும் என்பது அரசின் முடிவு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு கோரிக்கை கிராம சபையில் தீர்மானமாக நிறைவேறுவதற்கு உள்ள மதிப்பு வேறு எதற்கும் இல்லை. எனவே அந்தத் தேதிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே வாட்ஸ்அப் குழுக்களில் தீர்மானத்தின் வாசகத்தைச் சுற்றுக்கு விட்டு, அன்று காலை வந்து அமர வேண்டியவர்களைத் திரட்டுவது மிகச் சிறந்த சமூக ஊடகப் பரப்புரை என்று நான் கருதுகிறேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் இன்னொரு வாசல். பெரிய ஆலையோ சுரங்கமோ வருகிறது என்றால், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாட்கள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்த 30 நாட்கள்தான் பரப்புரைக்கான காலம்.

வாசல் தெரிந்த பிறகு மொழியைப் பற்றி யோசிக்க வேண்டும். 2020 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த 2006 அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு புதிய வரைவை வெளியிட்டபோது, அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. பொதுமுடக்கக் காலத்தில், தங்கள் நிலத்தையும் கடலையும் பாதிக்கக்கூடிய ஓர் ஆவணத்தைத் தங்கள் மொழியில் படிக்கவே வழியில்லாத நிலையில் மக்கள் கருத்துச் சொல்ல வேண்டியிருந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று, வரைவை அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் மொழிபெயர்க்க உத்தரவிட்டு, கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அந்த வாரங்களில் தமிழ்நாட்டின் தன்னார்வலர்கள் பலர் வரைவின் முக்கியப் பிரிவுகளைத் தமிழில் விளக்கி எழுதினார்கள், பேசினார்கள், படங்களாக வரைந்தார்கள். மீனவருக்கு இதனால் என்ன ஆகும், உழவருக்கு என்ன ஆகும் என்று பிரித்துச் சொன்ன பதிவுகள் மிக அதிகமாகப் பரவின. நாடு முழுவதிலுமிருந்து லட்சக்கணக்கான கருத்துகள் அமைச்சகத்துக்குப் போயின. ஒரு பிரச்சினையைத் தமிழில் முதலில் தெளிவாக எழுதுபவரே அதைப் பற்றித் தமிழ்நாடு எப்படிப் பேசப்போகிறது என்பதைத் தீர்மானிக்கிறார். அது பெரிய பொறுப்பு.

அப்படி எழுதும்போது பதிவில் நான்கு செய்திகள் இருந்தே ஆக வேண்டும்: என்ன நடக்கிறது, அது படிப்பவரை எப்படிப் பாதிக்கிறது, அவர் இப்போது என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். அரசாணை எண், நாள், புல எண், ஒப்பந்தப்புள்ளித் தொகை போன்ற சரிபார்க்கக்கூடிய விவரங்கள் இருந்தால் செய்தியாளர்களும் அதிகாரிகளும் பதிவைப் பொருட்படுத்துவார்கள். இவற்றைப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சாதாரணமாக 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும் என்பதால், பரப்புரை தொடங்குவதற்கு வெகு முன்பே மனுவைப் போட்டுவிடுவது நல்லது. ஒரே பதிவில் ஐந்து கோரிக்கைகளை அடுக்குவதைத் தவிர்க்க வேண்டும். படிப்பவர் ஐந்தையும் ஒப்புக்கொள்வார், எதையும் செய்ய மாட்டார்.

எந்தச் செயலியில் இயங்குவது என்ற கேள்விக்குப் பலர் தேவைக்கு மேல் நேரம் செலவிடுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், முன்பு ட்விட்டர் என்றிருந்த எக்ஸ் தளத்தில் செய்தியாளர்களும் அமைச்சர்களும் துறை அலுவலகங்களும் இருக்கின்றன. எனவே அது மேலே செய்தி சொல்ல உதவும். யூடியூப் நீண்ட விளக்கத்துக்கும், பல ஆண்டுகள் கழித்துத் தேடுபவருக்கும் பயன்படும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இளையோரை முதல்முறை எட்டிப் பார்க்க வைக்கும். ஃபேஸ்புக் நடுத்தர வயதினர் விவாதிக்கும் இடமாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் மக்களைச் செயலுக்குக் கொண்டுவருவது வாட்ஸ்அப்தான். அதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பொய்ச் செய்திகளால் கும்பல் கொலைகள் நடந்ததையடுத்து, 2018-இல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே ஃபார்வர்டு செய்ய முடியும் என்று கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில் இன்னொரு கட்டுப்பாடு வந்தது: ஏற்கெனவே பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும், இரட்டை அம்புக்குறியோடு அது பலமுறை பகிரப்பட்டது என்ற அடையாளமும் தெரியும். அந்த அடையாளத்தைக் கண்டதும் பலர் படிக்காமலே தள்ளிவிடுகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே ஒரே செய்தியை மேலிருந்து அனுப்பிப் பரவட்டும் என்று காத்திருப்பதைவிட, ஒவ்வொரு தெருவுக்கும் சங்கத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் தன் சொந்த வரிகளில் இரண்டு வாக்கியம் எழுதி, தன் குழுவில் தானே பதிவிடும்படி செய்வது பல மடங்கு பயன் தரும். அந்த ஊர்க்காரர் அறிந்த குரலில் ஒரு நிமிடக் குரல் பதிவு வந்தால், எழுத்துப் படிக்கத் தயங்குபவர்களும் கேட்பார்கள். குழுவில் கேள்வி எழுந்தால் அன்றைக்கே பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். பதில் வராத குழு ஒரு வாரத்தில் காலை வணக்கப் படங்களால் நிரம்பிவிடும்.

ட்ரெண்டிங்கைப் பற்றியும் ஒரு சொல். குறிப்பிட்ட நேரத்தில் பலர் சேர்ந்து ஒரே ஹேஷ்டேக்கில் எழுதினால் அது சில மணி நேரம் பட்டியலில் ஏறும், செய்தி அறைகளின் கவனத்தை ஈர்க்கும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முந்தைய நாள், சட்டப்பேரவையில் அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டை விவாதிக்கும் மானியக் கோரிக்கை வரும் நாள் போன்ற தருணங்களில் இது உதவும். கூலிக்கு ட்ரெண்ட் செய்துதரும் குழுக்களையும் போலிக் கணக்குகளையும் நாடுவது முற்றிலும் தவறு. அது பிடிபடும் நாளில், உண்மையாகவே எழுதிய ஆயிரம் பேரின் குரலும் போலியாகக் கருதப்படும். வெறுப்பும் ஆத்திரமும் உள்ள பதிவுகளைத் தளங்கள் அதிகம் பேருக்குக் காட்டும் போக்கு இருப்பதால், கோபமாக எழுதினால் விரைவில் பரவும் என்ற சபலம் எல்லோருக்கும் வரும். ஆனால் நம் பக்கம் வர வேண்டிய, இன்னும் முடிவு செய்யாத மனிதர் அந்த மொழியைக் கண்டுதான் விலகுகிறார். எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுத்து அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லும் பதிவு குறைவாகவே பரவும். நிலைத்துப் பயன் தருவது அதுவே.

சட்டத்தின் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். இணையத்தில் எரிச்சலூட்டும் கருத்தைப் பதிவிட்டாலே கைது செய்ய இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்று தீர்ப்பளித்தது. டிராயின் முதல் அறிக்கை வந்தது அதற்கு மூன்று நாட்கள் கழித்து. எனினும் அவதூறு இன்றும் குற்றமே. பிரிவினரிடையே பகையைத் தூண்டுவதும், பீதி பரப்பும் பொய்ச் செய்தியும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழ் தண்டனைக்குரியவை. ஓர் அதிகாரி லஞ்சம் வாங்கினார் என்று ஆவணமில்லாமல் பெயர் சொல்லி எழுதுவது பரப்புரையையே நீதிமன்ற வழக்காக மாற்றிவிடும். அவர் எடுத்த முடிவையும் அதன் விளைவையும் எழுதுவது வேறு. அது குடிமக்களின் உரிமை. தேர்தல் காலத்தில் விதிகள் இன்னும் இறுகுகின்றன. 2013 அக்டோபரில் தேர்தல் ஆணையம் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, கட்சிகளும் வேட்பாளர்களும் சமூக ஊடகத்தில் தரும் விளம்பரங்களுக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்அனுமதி வேண்டும். வேட்பாளர் தன் கணக்குகளை வேட்புமனுவுடன் தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். பதிவுகளைத் தயாரிப்போரின் சம்பளம் உட்பட அதற்கான செலவு முழுவதும் தேர்தல் செலவுக் கணக்கில் சேரும். அந்தச் செலவின் உச்சவரம்பு தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய் என்று 2022-இல் உயர்த்தப்பட்டது.

நம்மை நம்பிப் பெயர் தருபவர்களின் பாதுகாப்பு நம் கடமை. 2015 ஏப்ரல் இறுதியில், தனக்கு வந்த மின்னஞ்சல்களை வெளிப்படைத்தன்மைக்காக இணையதளத்தில் வெளியிட்டபோது, டிராய் அனுப்பியவர்களின் முகவரிகளையும் சேர்த்தே வெளியிட்டது. லட்சக்கணக்கானோரின் முகவரிகள் எவரும் எடுத்துக்கொள்ளும்படி கிடந்தன. ஓர் அரசு அமைப்பே இப்படிச் செய்ய நேரிடும் என்றால், கூகுள் படிவத்தில் தொலைபேசி எண்களையும் ஊர்ப் பெயர்களையும் சேகரிக்கும் சிறு குழு எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தேவையில்லாத விவரத்தைக் கேட்கவே கூடாது. மனு அனுப்பினால் அது பொதுவெளியில் வரலாம் என்பதை முன்பே சொல்ல வேண்டும். பட்டியலை இருவர் அல்லது மூவர் மட்டுமே வைத்திருக்க வேண்டும். பக்கங்களை நிர்வகிக்கும் எல்லாக் கணக்குகளுக்கும், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருநிலைச் சரிபார்ப்பு இருக்க வேண்டும். செயலிகளே கிடைக்காமல் போகும் நாளும் வரலாம். இலங்கையில் அரசுக்கு எதிரான போராட்டம் வெடித்த நேரத்தில், 2022 ஏப்ரல் 3 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர் உள்ளிட்ட தளங்கள் பல மணி நேரம் முடக்கப்பட்டன. ஒவ்வொரு பொறுப்பாளரின் எண்ணும் ஒரு தாளில் இருப்பது அந்த நாளுக்காகத்தான்.

வெற்றியை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு, விருப்பக் குறிகளை எண்ணாமல், வாசலில் வந்தவர்களை எண்ணுங்கள் என்பதே என் பதில். எத்தனை பேர் மனு அனுப்பினார்கள், எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அடுத்த முறையும் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவந்தால் போதும்.

முடிவு வந்த பின்னும் அந்த நோட்டை மூடிவிடக் கூடாது. இணையச் சமநிலைக்காக எழுதியவர்கள் 2016-இல் கட்டண ஒழுங்குமுறையைப் பெற்றார்கள். வேகத்திலும் பாகுபாடு கூடாது என்ற டிராயின் பரிந்துரை 2017 நவம்பரில்தான் வந்தது, மத்திய அரசு அதை ஏற்றது 2018 ஜூலையில். சுற்றுச்சூழல் வரைவின் கதை இன்னும் நீளமானது. 2020-இன் வரைவு அதே வடிவில் இறுதி அறிவிக்கையாக வெளிவரவில்லை. ஆனால் அந்த வரைவில் இருந்த, சுற்றுச்சூழல் முன்அனுமதி இல்லாமல் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னர் அனுமதி தரும் வழிமுறை 2021 ஜூலையில் ஓர் அலுவலகக் குறிப்பாணையாக வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே மாதம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அதை ரத்து செய்து, பின்னர் அந்தத் தீர்ப்பையே நவம்பரில் பெரும்பான்மை முடிவால் திரும்பப் பெற்றது. 2020-இல் கருத்து அனுப்பிய லட்சக்கணக்கானோரில், இந்த ஒவ்வொரு கட்டத்திலும் செய்தி போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அடுத்த கருத்துக்கேட்பில் குரல் எழும். ஆகவே பரப்புரை தொடங்கும் நாளிலேயே, அது ஓய்ந்த பிறகு அந்தக் குழுவுக்கு மாதம் ஒருமுறை நிலவரத்தை எழுதி அனுப்பப்போகிறவர் யார் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.